இருநூற்றுப் பன்னிரண்டு சரிக்குறிகள்

அத்தியாயம் 17

வியாழக்கிழமை விடிந்துவிட்டது. ஆறு வாரமாக ஹாவொர்த் வீட்டில் எந்த வியாழக்கிழமையைப் பற்றியே பேச்சாக இருந்ததோ, அந்த வியாழக்கிழமை.

லொரெய்ன் ஹாவொர்த் வெதர்டேல் தொகுதியில் பார்லிமென்ட் தேர்தலுக்கு மூன்றாவது முறையாக நிற்கிறாள். முதல் தடவை மூவாயிரத்துச் சொச்சத்தில் தோற்றாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை ஐம்பத்திரண்டு ஓட்டில் தோற்றாள். அவள் கணவன் நெவில் இருபத்தெட்டு வருஷம் பஸ் பரிசோதகராக இருந்தவன். மாடி பஸ்ஸின் மேல்தட்டில் அடங்கிவிடுகிற கூட்டம் அது என்று அவனுக்கு உடனே தெரிந்துபோயிற்று. அதற்குப் பிறகு மேல்தட்டு நிறைந்த பஸ் ஒன்று எதிரே வந்தால் அவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

இந்தத் தடவை லொரெய்ன் பள்ளிக்கூட அலுவலக வேலையையே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறாள். இதிலும் தோற்றால் இனி நிற்பதில்லை என்று போன வாரம் அடுப்படியில் நின்றுகொண்டு அவள் சொன்னபோது, நெவில் "சரி, டீ ஆறிடப் போவுது" என்று மட்டும் சொன்னான். அவன் அப்படித்தான். மனசில் இருப்பது வாய்க்கு வருவதற்குள் அடுத்த வேளை டீ வந்துவிடும்.

காலை ஏழு மணிக்குச் சாவடிகள் திறந்தபோது நெவில் தன் மைத்துனி யூனிஸ் வீட்டில் இருந்தான். யூனிஸ், லொரெய்னுக்குப் பத்து வயது மூத்த அக்கா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், தங்கையின் தேர்தல் ஏஜென்ட். அவள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் தொகுதியின் தலைமைச் செயலகம்.

மேஜை முழுக்கப் பட்டியல்கள் ஒட்டியிருந்தன. தெருவாரியாக வாக்காளர் பெயர்கள், ஒவ்வொரு பெயருக்கும் நேராக ஒரு குறி. ஆறு வாரம் வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கேட்டு வந்தவர்கள் போட்ட குறி. நம்மவர் என்றால் சரிக்குறி, எதிராளி என்றால் பெருக்கல் குறி, பிடி கொடுக்காதவர் என்றால் கேள்விக்குறி.

இன்றைக்குச் சாவடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் நம் ஆள், ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறவரிடம் அவருடைய வாக்காளர் எண்ணைக் கேட்டுக் குறித்து அனுப்புவார். அந்தப் பெயரை யூனிஸ் ஸ்கேல் வைத்து அடிப்பாள். அடிபடாமல் மிச்சமிருக்கும் சரிக்குறிகளின் வீட்டுக்கு ஆள் போகும். நடக்க முடியாதவர்களுக்குக் கார் போகும். பெருக்கல் குறி, கேள்விக்குறி வீட்டுப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. தூங்குகிற எதிராளியை எழுப்பிவிட்ட பாவம் நமக்கெதற்கு என்பது யூனிஸின் கட்சி.

வெதர்டேலின் நாற்பது வருஷத் தேர்தல் முடிவுகளை யூனிஸ் செருப்புப் பெட்டிகளில் வைத்திருந்தாள். ஒரு காலத்தில் கீழே ஆற்றோரத்து ஆலைத் தெருக்களில் கழுதைக்கு லொரெய்ன் கட்சியின் சிவப்பு ரிப்பன் பூக் குத்தி நிறுத்தினாலும் ஜெயிக்கும் என்பார்கள். ஆலைகள் மூடின. பேரன் பேத்திகளில் பாதிப் பேர் நீலத்துக்குத் தாவினார்கள், மீதிப் பேர் ஓட்டுப் போடுவதையே விட்டார்கள். மேட்டில் புதிதாக வந்த வீடுகளில் குடியேறிய, தினமும் ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்புக்கு வந்தார்கள். கடைசி நான்கு தேர்தலில் மூன்று முறை தொகுதி கை மாறியது. இப்போது இருப்பவர் ஆஷ்கம். நீலக் கட்சி, நல்ல உயரம், யாரையும் கடிந்து பேசாத மனிதர். அதுதான் வயிற்றெரிச்சல்.

மாறாத ஒரே இடம் லார்க் ஹில். ஓய்வு பெற்றவர்கள் குடியிருக்கும் சின்னச் சின்னத் தனி வீடுகள், ரோஜாச் செடி, கதவில் பித்தளைக் கைப்பிடி. அன்றும் நீலம், இன்றும் நீலம். அங்கே கெடுப்பதற்கு எதுவும் இல்லை என்பதால்தான் யூனிஸ் அதை நெவிலிடம் கொடுத்தாள்.

அவன் இருநூற்றுப் பன்னிரண்டு சரிக்குறிகளோடு திரும்பி வந்தான்.

யூனிஸ் அந்தப் பட்டியலை மூன்று முறை எண்ணிப் பார்த்தாள். மலை மேல் இருந்த கிளினிக்கைப் போன இலையுதிர் காலத்தில் மூடிவிட்டார்கள், கிழவர்களுக்குக் கோபம், அதனால் திரும்பிவிட்டார்கள் என்று ஒரு காரணமும் கண்டுபிடித்தாள். நாற்பது வருஷத்தில் யாரும் பார்க்காத திருப்பம். உள்ளூர்ப் பத்திரிகைக்காரனிடம் லொரெய்னே அதைப் பெருமையாகச் சொல்லிவிட்டாள். ஆலைத் தெருக்களில் நிறுத்தியிருந்த ஆட்களில் முக்கால்வாசிப் பேரை எடுத்து, சாயங்காலம் நாலு மணியிலிருந்து லார்க் ஹில்லுக்குப் போட்டிருந்தாள் யூனிஸ். ஆறு கார்களும் அங்கேதான்.

இதுதான் வியாழன் காலை நிலவரம். நெவில் தன் காரில் ஏறி முதல் வேளையாக லார்க் ஹில்லுக்குப் புறப்பட்டான்.

திருமதி க்ராப்ட்ரீக்கு எண்பத்தொரு வயது. இரண்டு முட்டியும் தகராறு. அவரைக் கைத்தாங்கலாகக் காரில் ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோய் இறக்கினால், அடையாளத்துக்குக் காட்ட வேண்டிய, படம் போட்ட பஸ் பாஸை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். நெவில் திரும்ப மலையேறி, டீப்பாத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்த அதை எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தான். கிழவி உள்ளே போய்ப் பத்து நிமிஷம் கழித்துத் திருப்தியாக வெளியே வந்தார்.

"உனக்கு நான் என்ன கைம்மாறு பண்ணப்போறேனோ கண்ணு," என்றார், காரில் உட்கார்ந்து பெல்ட்டைத் தேடிக்கொண்டே. "ஆஷ்கம் ஆபீசுக்கு நேத்துலேர்ந்து போன் பண்றேன். எடுக்கவே இல்ல. அவங்கதான வந்து கூட்டிட்டுப் போகணும், நியாயமா."

நெவில் சாவியைத் திருப்பினான். வண்டி கிளம்பவில்லை, ஏனென்றால் இன்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது.

"அவங்க ஏங்க வரணும்?" என்றான்.

"பின்ன? நாங்க எப்பவும் நீலம்தானேப்பா. என் வீட்டுக்காரர் போற வரைக்கும் அதுதான், நானும் அதுதான். ஆனா அன்னிக்கு நீ மழையில நனைஞ்சுகிட்டு வாசல்ல நின்ன. மனுஷன் பொண்டாட்டிக்காக வந்து நிக்கறான், அவன் மூஞ்சியப் பாத்து மாட்டேன்னு எப்படிச் சொல்றது? அதான் உள்ள கூப்ட்டு ஒரு துண்டு கேக் குடுத்தேன்."

நெவில் "பரவால்லீங்க" என்றான். கிழவியை வீட்டு வாசல் வரை கொண்டுபோய் விட்டு, பூட்டையும் திறந்து கொடுத்துவிட்டு வந்தான்.

பிறகு காரில் உட்கார்ந்து அந்த மழை நாளை நினைத்துப் பார்த்தான். டீ கொடுத்தார், பழக் கேக் கொடுத்தார், லொரெய்னைப் பற்றி விசாரித்தார், நல்லபடியா நடக்கட்டும் என்றார். இவன் எழுந்து வந்து சரிக்குறி போட்டான். உங்கள் ஓட்டு அவளுக்கா என்று கேட்டானா? கேட்கவில்லை. ஒரு பெண்மணியிடம் எடை என்ன என்று கேட்கிற மாதிரி அவனுக்கு அது. அவர்களுக்கோ, வாசலுக்கு வந்தவனிடம் அவன் பெண்டாட்டியை வேண்டாம் என்று சொல்வது அதைவிட மோசம். இரண்டு மரியாதைகளும் சேர்ந்து ஒரு சரிக்குறியைப் பெற்றெடுத்துவிட்டன.

ஒன்றுதானா, இருநூற்றுப் பன்னிரண்டுமா?

அடுத்த வீட்டில் ஆக்டன் என்ற கிழவர் டை கட்டிக்கொண்டு தயாராகக் காத்திருந்தார். பாதி வழியில் நெவில் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தன் வாழ்நாளில் முதல் தடவையாக, நீங்கள் நிஜமாகவே லொரெய்னுக்குத்தானே போடப் போகிறீர்கள் என்று கேட்டான். ஆக்டன் ஜன்னல் வழியாக வெகுநேரம் ஆடுகளைப் பார்த்தார்.

"நல்ல பொண்ணுப்பா உன் சம்சாரம்," என்றார் கடைசியில். "ரொம்ப நல்ல பொண்ணு."

அந்தக் குரலே போதும். இவரும் நீலம்தான். நெவில் கோபக்காரனாக இருந்தால் அங்கேயே ஓரங்கட்டி இறக்கிவிட்டிருப்பான். எண்பது வயது மனிதரை நடுரோட்டில் எப்படி இறக்குவது? சாவடி வாசலில் இறக்கி, திரும்பி வரும்வரை காத்திருந்து, வீட்டிலும் கொண்டுபோய் விட்டான். அதற்கப்புறம் டென்பி சகோதரிகள் இருவர், ஊன்றுகோல் வைத்த ஒருவர், அவருடைய மனைவி. மத்தியானத்துக்குள் பதினோரு பேர். சொந்தக் காசில் பெட்ரோல் போட்டுச் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நெவில் ஒரு காலைப்பொழுதில் செய்து முடித்தான்.

ஒரு மணிக்கு ஆலைத் தெருப் பள்ளிக்கூட வாசலில் லொரெய்னைப் பார்த்தான். சிவப்புப் பூக் குத்திய கோட்டோடு சாவடி சாவடியாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. அவன் வாங்கி வந்திருந்த பேக்கன் சாண்ட்விச்சைப் பிரித்து, ஒரு வாய்கூடக் கடிக்காமல் மறுபடியும் மடித்தாள்.

"இங்க கூட்டமே இல்ல நெவில். கதவத் தட்டினா டிவிய அணைச்சிட்டு உக்காந்துக்கறாங்க. ஒருத்தன் ஜன்னல் வழியா சொல்றான், உங்க ரெண்டு பேருக்கும் கலர்தான் வேற, போங்கன்னு." அவள் சாண்ட்விச் காகிதத்தின் ஓரத்தை நகத்தால் தேய்த்தாள். "லார்க் ஹில் மட்டும் இல்லேன்னா நான் நேத்தே கையத் தூக்கியிருப்பேன். நீ கொண்டு வந்தது அது. தெரியுமா, ராத்திரி தூக்கம் வரலேன்னா அந்த நம்பரத்தான் சொல்லிக்கிட்டுப் படுக்கறேன்."

இதுதான் சொல்ல வேண்டிய நேரம். மூன்று மணி நேரம் முன்னால் சொன்னால் மூன்று மணி நேரம் மிச்சம். நெவில் வாயைத் திறந்தான்.

"கொஞ்சமாவது சாப்பிடு," என்றான்.

அவள் போய்விட்டாள். நெவில் தன்னைத்தானே திட்டிக்கொண்டு காரைத் திருப்பினான். ஆற்றுப் பாலத்தில் வண்டி நின்றபோது ஒரு நினைப்பு வந்தது. தோற்றால் திங்கட்கிழமை அவள் வீட்டில் இருப்பாள். ஜெயித்தால் திங்கள் காலை லண்டன் ரயில், வியாழன் ராத்திரிதான் திரும்பல். வாரத்தில் மூன்று ராத்திரி அந்த வீட்டில் அவனும் டீக் கெட்டிலும் மட்டும். அந்த நினைப்பு புதிதில்லை. அதோடு சேர்ந்து வந்த இன்னொன்றுதான் புதிது. இந்தக் குறிகளை மரியாதைக்காகத்தான் போட்டேனா, இல்லை, உள்ளுக்குள் வேறு ஏதாவது இருந்ததா? பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான். நெவில் அவசரமாக கியரைப் போட்டான்.

மூன்று மணிக்கு யூனிஸ் வீட்டுக்கு வந்தான். மேஜைக்கு எதிரே நின்றான்.

"யூனிஸ், கார்கள லார்க் ஹில்லுக்கு அனுப்பாதீங்க."

"ஏன், ரோடு அடைப்பா?"

"அவங்க நம்மாளுங்க இல்ல."

யூனிஸ் ஸ்கேலைக் கீழே வைத்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். திக்கித் திக்கிச் சொன்னான், ஆனால் ஒன்றையும் விடவில்லை. யூனிஸ் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் பட்டியலின் முதல் தாளை இழுத்துக்கொண்டு, உட்கார் என்று நாற்காலியைக் காட்டினாள்.

"ஒண்ணாம் நம்பர். என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லு, அழகு பண்ணாத."

"பிஸ்கட் குடுத்தாங்க. மழை நிக்குமான்னு கேட்டாங்க."

யூனிஸ் பெருக்கல் குறி போட்டாள். "அடுத்த வீடு, மூணு?"

"நாய் ஆப்பரேஷன் பத்திப் பேசினார். அரை மணி நேரம்."

"ஓட்டப் பத்தி?"

"இல்ல. போறப்போ கையப் புடிச்சுக் குலுக்கினார்."

பெருக்கல் குறி. அப்படியே போனது. கேக், ரோஜாப் பதியன், லொரெய்னின் தொண்டைக் கட்டுக்கு ஒரு மருந்து, "உங்க வேலை கஷ்டமான வேலை", "குடை இருக்கா, குடுக்கட்டுமா". தங்கமான மனிதர்கள். லார்க் ஹில் முழுவதும் அவனிடம் அன்பாக இருந்தது, அதில் பொய்யே இல்லை. அந்த அன்புக்கும் ஓட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுதான் இத்தனை நாள் அவனுக்கு உறைக்காதது. கடைசித் தாள் முடிந்தபோது சரிக்குறி இருபத்து மூன்று நின்றது.

யூனிஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவளுடைய உதடு லேசாகக் கோணியது. அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை.

"முப்பத்தாறு வருஷம் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன் நெவில். விடை பிடிச்சிருக்குன்னு மார்க் போட மாட்டேன், வழியக் காட்டுடான்னு. உன்கிட்ட மட்டும் வழிய நான் கேக்கவே இல்ல. எனக்கு விடை அவ்ளோ பிடிச்சுப் போச்சு."

"என்மேலதான் தப்பு."

"உன்மேலயும்தான். அழுவறதெல்லாம் நாளைக்கு. எத்தனை மணி?"

மூன்று நாற்பது. யூனிஸ் போனை எடுத்தாள். நாற்பது நிமிஷத்தில், மலைக்குப் போக இருந்த முப்பத்தாறு பேரையும் ஆறு கார்களையும் தடுத்து ஆலைத் தெருக்களுக்குத் திருப்பினாள். காரணம் யாருக்கும் சொல்லவில்லை. லொரெய்னுக்கு, சாவடிகள் மூடும் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் தெரிய வேண்டும், அதுவரை அவள் முகம் வாடாமல் ஜனங்கள் முன்னால் நிற்கட்டும் என்று நெவிலிடம் கண்டிப்பாகச் சொன்னாள்.

அதன் பிறகு ஐந்து மணி நேரம் நெவில் ஆலைத் தெருக்களில் கதவு தட்டினான். மழை வேறு. கதவு திறந்த மாத்திரத்தில், வணக்கத்துக்கு முன்னாலேயே, "லொரெய்னுக்குப் போடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டான். சிலர் முகத்தில் அறைந்து சாத்தினார்கள். ஒருவன் தாராளமாக வைதான். வைதது நெவிலுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது, ஏனென்றால் அந்தக் குறியில் சந்தேகமே இல்லை. வருகிறேன் என்று சொன்னவர்கள் வீட்டுச் செருப்போடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எத்தனை பேர்? முப்பது இருக்கும், நாற்பது இருக்கும். போதுமா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒன்பதேகாலுக்கு நனைந்த கோட்டோடு யூனிஸ் வீட்டுக்குள் நுழைந்தபோது லொரெய்ன் மேஜையருகே நின்றிருந்தாள். யூனிஸ் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். பார்த்தவுடனே நெவிலுக்குப் புரிந்துவிட்டது.

ஆறு மணிக்கு லொரெய்ன் தானாகவே லார்க் ஹில் ஏறியிருக்கிறாள். நம் ஆட்கள் ஒருவரும் இல்லை. திருமதி க்ராப்ட்ரீ வேலியோரம் நின்று இவளைக் கூப்பிட்டு, இப்படி ஒரு புருஷன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொல்லி, காருக்கு நன்றியும் சொல்லி, தான் யாருக்கு ஓட்டுப் போட்டோம் என்பதையும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாராம். அதற்கப்புறம் மூன்று மணி நேரம் லொரெய்ன் சிரித்த முகத்தோடு சாவடி சாவடியாக நின்றிருக்கிறாள்.

அவள் அவனைத் திட்டவில்லை. கையில் ஒரு தாள் வைத்திருந்தாள். சரிக்குறி இருந்தும் இன்னும் ஓட்டுப் போடாதவர்களின் கடைசிப் பட்டியல். ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டுப் படித்தாள், யூனிஸ் யாரை அனுப்பலாம் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கிறார். லீட்ஸுக்குப் போயிருக்கிறாள். இந்த வீட்டுக்கு ஆள் போயிருக்கிறது.

"பெக் லேன், பதினாலு," என்று படித்தாள் லொரெய்ன். நிறுத்தினாள். "ஹாவொர்த், நெவில்."



நெவிலே அப்போதுதான் அதை உணர்ந்தான். அவர்கள் ஓட்டுப் போடும் பள்ளிக்கூடத்தை இன்று ஐந்து முறையாவது தாண்டிப் போயிருப்பான். ஒவ்வொரு முறையும் வண்டியில் யாரோ இருந்தார்கள், இல்லையென்றால் யாரோ காத்திருந்தார்கள். ஒவ்வொரு முறையும் அது நியாயமான காரணமாகவே இருந்தது.

"இந்தக் குறிய யார் போட்டது?" என்றாள் லொரெய்ன்.

"நான்தான்," என்றாள் யூனிஸ்.

"அவன்கிட்ட கேட்டியா?"

"உன் புருஷன்கிட்டயாடி? அதக் கேக்கணுமா?"

"கேக்காம போட்ட குறியாலதான் இன்னிக்கு நாம இந்த நிலைமையில நிக்கறோம்."

லொரெய்ன் தாளை ஓர் அட்டைமேல் வைத்து, பேனாவையும் எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். வாசற்படியில் நிற்கிற மாதிரி ஒரு அடி தள்ளி. விளையாட்டுக்கு இல்லை என்பது அவள் பேனாவைப் பிடித்திருந்த இறுக்கத்தில் தெரிந்தது.

"மிஸ்டர் ஹாவொர்த், இன்னிக்கு உங்க ஓட்டு லொரெய்னுக்குத்தானா?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. எத்தனையோ வருஷமாக அங்கேயே குடியிருக்கும் சொல். நெவில் அதை விழுங்கினான்.

"தெரியல," என்றான்.

யூனிஸ் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஜெயிச்சா வாரத்துல பாதி நாள் வீட்ல நான் மட்டும்தான்," என்றான் நெவில். குரல் ஏதோ பஸ் அறிவிப்பு போலத் தட்டையாக வந்தது. "ஜனவரியிலேர்ந்து அது ஒண்ணுதான் உள்ள ஓடிட்டிருக்கு. நீ தோத்துடணும்னு நான் நினைச்சதே இல்ல லொரெய்ன். ஆனா ஜெயிக்கணும்னு நினைச்சேனான்னு கேட்டா, சத்தியமா எனக்குத் தெரியல. எனக்குப் பயமா இருக்கு."

"ஜனவரியில கேட்டனே. நிக்கட்டுமான்னு உன்ன உக்கார வெச்சுக் கேட்டனே."

"நீ அவ்ளோ ஆசையா இருந்த."

லொரெய்னின் கண்கள் நிறைந்தன. துடைத்துக்கொள்ளவில்லை. அட்டையைக் கையில் தாங்கி, அவன் பெயருக்கு நேரே இருந்த சரிக்குறியை அடித்து, கேள்விக்குறி ஒன்றைப் போட்டாள். நிதானமாக, புள்ளியை மறக்காமல்.

"கேள்விக்குறிக்கெல்லாம் கார் கிடையாது," என்றாள் யூனிஸ் மெல்ல. அவளுக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான்.

"நடந்தே போறோம்," என்றாள் லொரெய்ன். "நேரம் இருக்கு."

நான்கு தெரு. இருவரும் ஒரே குடையில், ஒருவர்மேல் ஒருவர் படாமல் நடந்தார்கள். ஜூனில் பத்து மணிவரை நீளும் வெளிச்சம் மலைக்கு மேலே இன்னும் ஒரு கோடு மிச்சமிருந்தது. பள்ளிக்கூட வாசலில் நம் ஆளும் ஆஷ்கமின் ஆளும் ஒரே பிளாஸ்கிலிருந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேட்பாளரைப் பார்த்ததும் இருவருமே எழுந்து நின்றார்கள். லொரெய்ன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

நெவில் உள்ளே போய் ஓட்டுநர் உரிம அட்டையைக் காட்டினான். சீட்டைக் கொடுத்தார்கள். தடுப்புக்குள் நூலில் கட்டிய பென்சில். ஐந்து பெயர்கள். ஆஷ்கம் முதலில், 'ஹாவொர்த், லொரெய்ன் ஆன்' மூன்றாவதாக. அவனுடைய குடும்பப் பெயர், அவன் கொடுத்த பெயர், அச்சில். அவன் அங்கே நின்ற நேரத்துக்கு அலுவலர் ஒருமுறை இருமினார். பிறகு நெவில் ஒரு கட்டத்தில் அழுத்தமாகக் குறியிட்டான், மடித்தான், பெட்டியில் போட்டான். எந்தக் கட்டம் என்பது ரகசியம். கதை சொல்கிறவருக்கும் அந்தச் சட்டம் உண்டு.

வெளியே வந்தான். மழை விட்டிருந்தது. லொரெய்ன் குடையை மடக்கி உதறிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் யாருக்குப் போட்டாய் என்று அவளும் கேட்டதில்லை, அவனும் கேட்டதில்லை. இங்கே கணவன் மனைவிக்குள்கூட அது கேட்கிற விஷயம் இல்லை.

"வா, போலாம்," என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல். "ஓட்டு எண்ணுற இடத்துக்குப் போகணும். நான் உன்ன ஒண்ணும் கேக்கப் போறதில்ல."

பள்ளிக்கூடக் கதவை உள்ளிருந்து சாத்தித் தாழ் போடும் சத்தம் கேட்டது. பத்து மணி. இனி வெதர்டேலில் யார் யாரிடம் என்ன சொன்னாலும் ஒரு ஓட்டுக்கூட மாறப்போவதில்லை.

நெவில் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"கேளு," என்றான்.